துபாய் முதல் டோக்கியோ வரை: தொலைவும் பறக்கும் நேரமும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன?

ஆசியாவின் மேற்குப் பகுதியில் துபாயும் அதன் கிழக்கு விளிம்பில் டோக்கியோவும் இருக்கின்றன. இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே எவ்வளவு தொலைவு என்று தேடுபவருக்கு ஓரிடத்தில் 7,940 கிலோமீட்டர் என்ற விடையும், வேறோரிடத்தில் 8,160 கிலோமீட்டர் என்ற விடையும், விமானம் உண்மையில் பறந்த பாதையை அளந்து பார்த்தால் அதற்கும் மேற்பட்ட ஓர் எண்ணும் கிடைக்கலாம். நேரத்தைப் பற்றிய குழப்பம் இன்னும் பெரியது. போகும்போது ஏறத்தாழ 10 மணி நேரம் பறக்கும் விமானம் திரும்பும்போது 11 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பயணச்சீட்டில் உள்ள புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் வெறுமனே கழித்துப் பார்த்தாலோ, போவதற்கு 15 மணி நேரமும் வருவதற்கு 6 மணி நேரமும் ஆவதுபோல் தோன்றும். இவற்றில் எந்த எண்ணும் பிழையானதல்ல. ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கான விடை. அந்தக் கேள்விகளைப் பிரித்தறிந்துகொண்டால், துபாய்க்கும் டோக்கியோவுக்கும் மட்டுமல்லாமல், எந்த இரு நகரங்களுக்கும் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம்.

முதல் கேள்வி தொலைவைப் பற்றியது. தட்டையான தாளில் இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி நேர்கோடு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பூமி உருண்டை என்பதால் அத்தகைய நேர்கோடு இங்கே நிலத்துக்கு அடியில்தான் போக முடியும். துபாயிலிருந்து டோக்கியோவுக்கு உண்மையான நேர்கோடு ஒன்றை வரைந்தால் அதன் நீளம் ஏறத்தாழ 7,430 கிலோமீட்டர் இருக்கும். ஆனால் அதன் நடுப்பகுதி தரைமட்டத்திலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கும். ஆகவே நமக்குத் தேவையானது பூமியின் மேற்பரப்பை ஒட்டிச் செல்லும் வழிகளில் மிகக் குறுகியது எது என்பதே. அந்த வழிக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். பூமியின் மையம் வழியாகச் செல்லும் ஒரு தளம் பூமியை வெட்டினால் மேற்பரப்பில் உண்டாகும் வட்டமே பெருவட்டம். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். எதிரெதிரே அமைந்த இரண்டு தீர்க்கரேகைகள் சேர்ந்தாலும் ஒரு பெருவட்டம். நிலநடுக்கோட்டைத் தவிர்த்த மற்ற அட்சரேகைகள் அப்படியல்ல, அவை சிறு வட்டங்கள்.

இதைக் கையால் செய்து பார்ப்பதே புரிந்துகொள்ள நல்ல வழி. விட்டம் 30 சென்டிமீட்டர் உள்ள பூகோள உருண்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலின் முனையைத் துபாயின் மீது அழுத்திப் பிடித்து, மறுமுனையை டோக்கியோவின் மீது வைத்து நூலை இறுக்கமாக இழுக்க வேண்டும். தொய்வில்லாமல் இழுக்கப்பட்ட நூல் தானாகவே பெருவட்டப் பாதையில் படியும். அதன் நீளம் 18.7 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும். அந்த உருண்டையின் சுற்றளவு சுமார் 94 சென்டிமீட்டர், பூமியின் சராசரிச் சுற்றளவு ஏறத்தாழ 40,030 கிலோமீட்டர். ஆகவே உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் ஏறக்குறைய 425 கிலோமீட்டர். பெருக்கினால் 7,940 கிலோமீட்டரை ஒட்டிய விடை வந்துவிடுகிறது. கணினி செய்வதும் இதே வேலைதான். இரு நகரங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகளைக் கொண்டு, பூமியின் மையத்தில் அவை உண்டாக்கும் கோணத்தை அது கோளத் திரிகோணமிதியின் மூலம் கண்டறிகிறது. துபாய்க்கும் டோக்கியோவுக்கும் அந்தக் கோணம் ஏறத்தாழ 71.4 பாகை. முழு வட்டமான 360 பாகைக்கு 40,030 கிலோமீட்டர் என்றால் 71.4 பாகைக்கு எவ்வளவு என்பது எளிய விகிதக் கணக்கு.

விமானிகளும் மாலுமிகளும் இன்றும் கிலோமீட்டரை விட்டுக் கடல் மைலில் பேசுவதற்கான காரணம் இந்தக் கோணத்தில்தான் ஒளிந்திருக்கிறது. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் வரும் ஒரு கலை அளவு கோணத்துக்குப் பூமியின் மேற்பரப்பில் உள்ள நீளமே கடல் மைலின் தொடக்கப் பொருள். இன்று அது 1.852 கிலோமீட்டர் என்று நிலைநிறுத்தப்பட்டுள்ளது. கோணம் தெரிந்தால் அறுபதால் பெருக்கியவுடன் தொலைவு கிடைத்துவிடும். 71.4 பாகை என்பது ஏறத்தாழ 4,284 கடல் மைல். இவ்வளவு அழகான அலகு இதுவரை நீடித்திருப்பதில் எனக்கு வியப்பில்லை.

பூமி முழுமையான கோளம் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவங்களில் 6,357 கிலோமீட்டர். இதைக் கணக்கில் கொள்ளாததால் ஏற்படும் பிழை ஏறத்தாழ அரை சதவீதத்தைத் தாண்டாது. விமானம் தரையிலிருந்து 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் பாதை நீளுமே என்று சிலர் கேட்பதுண்டு. நீளும், ஆனால் இந்தத் தொலைவுக்கு அது வெறும் 14 கிலோமீட்டர் அளவே.

அப்படியானால் 8,160 என்ற எண் எங்கிருந்து வந்தது? சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் இரு நகரங்களுக்கும் இடையே அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால் வரும் பாதையின் நீளம் அது. பல வரைபடங்கள் 1569-ஆம் ஆண்டில் மெர்க்கேட்டர் அமைத்த முறையைப் பின்பற்றுபவை. அந்த முறையில் நேர்கோடு என்பது திசைகாட்டியின் முள் ஒரே கோணத்தைக் காட்டியபடியே செல்லும் பாதையைக் குறிக்கும். கடலில் கப்பலைத் திசை மாறாமல் செலுத்துவதற்கு அது பெரும் உதவி, ஆனால் மிகக் குறுகிய பாதை அதுவன்று. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. துபாய் இருக்கும் 25 பாகை வட அட்சரேகையில் ஒரு பாகை கிழக்கே நகர ஏறத்தாழ 101 கிலோமீட்டர் செல்ல வேண்டும்; 39 பாகையிலோ 86 அல்லது 87 கிலோமீட்டர் போதும். துபாய்க்கும் டோக்கியோவுக்கும் இடையே கடக்க வேண்டிய தீர்க்கரேகைகள் 84-க்கும் மேல். ஆகவே சற்று வடக்கே ஏறி, பாகைகள் குறுகியிருக்கும் இடத்தில் அவற்றைக் கடந்து, பிறகு தெற்கே இறங்குவது லாபகரமானது.

பெருவட்டப் பாதை துல்லியமாக இதைத்தான் செய்கிறது. டோக்கியோ துபாய்க்குக் கிழக்கே சற்றே வடக்கில் இருக்க, அந்தப் பாதை துபாயிலிருந்து வடகிழக்கை நோக்கி, வடக்கிலிருந்து ஏறத்தாழ 59 பாகை விலகிய திசையில் புறப்படுகிறது. சீனாவின் உள்மங்கோலியாவில் ஓர்டோஸ் நகரத்துக்கு அருகே 39.4 பாகை அட்சரேகையைத் தொட்டு, அங்கிருந்து மெல்லத் தென்கிழக்கே திரும்பி ஜப்பானை அடைகிறது. புறப்படும் நகரத்தையும் சேரும் நகரத்தையும் விட வடக்கே போய்த் திரும்புவதால், தட்டையான வரைபடத்தில் அது வில்போல் வளைந்து தெரிகிறது. விமானத்தின் திரையில் இந்த வளைவைக் காணும் பயணிகள், விமானம் சுற்றிக்கொண்டு போகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் வளைந்திருப்பது வரைபடம், பாதை அன்று.

இதுவரை சொன்னது வடிவியல். விமானத்தின் பாதையைத் தீர்மானிக்கும் ஒருவர் இந்தப் பெருவட்டத்தை வரைந்தவுடன் காணும் முதல் தடை, அதன் கீழே இருக்கும் நிலம். தென்கிழக்கு ஈரான், ஆப்கானிஸ்தானின் தெற்குப் பாலை நிலங்கள் ஆகியவற்றைக் கடந்ததும் அந்தக் கோடு காரகோரம் மலைத்தொடரின் மேல் ஏறி, குன்லுன் மலைகளை ஒட்டி, திபெத் பீடபூமியின் வட பகுதிக்கு மேலே செல்கிறது. திபெத் பீடபூமியின் சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். விமானம் 11,000 மீட்டர் உயரத்தில் பறக்கும்போது கீழே 4,500 மீட்டரில் நிலம் இருந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். எல்லாம் சரியாக நடக்கும்வரை ஒரு கேடும் இல்லை. விமானப் பாதைகளோ, எல்லாம் சரியாக நடக்காத நாளை மனத்தில் வைத்து வகுக்கப்படுபவை.

பயணிகள் அறையில் காற்றழுத்தம் திடீரென்று குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து ஆக்சிஜன் முகமூடிகள் விழும். பெரும்பாலான விமானங்களில் அவற்றுக்கான ஆக்சிஜன் சில நிமிடங்களுக்கே, அதாவது 12 முதல் 20 நிமிடங்களுக்கு உட்பட்ட அளவுக்கே இருக்கும். அதற்குள் விமானி விமானத்தைச் சுமார் 10,000 அடிக்கு, அதாவது மூச்சுவிடப் போதிய காற்று இருக்கும் 3,000 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சமவெளிக்கு மேலே இது பயிற்சி பெற்ற விமானிக்குக் கைவந்த செயல். திபெத்துக்கு மேலே அந்த 3,000 மீட்டர் உயரம் என்பது பாறைக்குள் இருக்கிறது. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் பரந்து கிடக்கும் அந்தப் பீடபூமியிலிருந்து வெளியேறுவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்துவிடக்கூடும். ஓர் இயந்திரம் நின்றுபோனால் விமானம் அதே உயரத்தில் நீடிக்க முடியாமல் கீழே இறங்கவேண்டியிருக்கும் என்பதும் இதே கவலையைத்தான் தருகிறது. கூடுதல் ஆக்சிஜனும் சிறப்பு ஏற்பாடுகளும் உள்ள விமானங்கள் திபெத்துக்குப் பறக்கின்றன. நெடுந்தொலைவு செல்லும் பிற விமானங்கள் பொதுவாக அதைத் தவிர்க்கின்றன. ஆகவே துபாய்–டோக்கியோ வழி, பீடபூமிக்கு வடக்கே மேற்குச் சீனாவின் சிஞ்சியாங் பக்கமாகவோ, தெற்கே இந்தியா, மியன்மார், தென்மேற்குச் சீனா பக்கமாகவோ விலக வேண்டியதாகிறது. எந்தப் பக்கம் விலகினாலும் சில நூறு கிலோமீட்டர் கூடுகிறது.

மலைகளைப் போலவே எல்லைகளும் பாதையை வளைக்கின்றன. அந்தப் பெருவட்டம் கொரியத் தீபகற்பத்தை வட கொரியாவின் தென்பகுதியை ஒட்டியே கடக்கிறது; விமானங்களோ தென் கொரியாவின் பக்கம் ஒதுங்கிச் செல்கின்றன. 2019 பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் தன் வான்வெளியின் பெரும்பகுதியை மூடியபோது, மேற்கு ஆசியாவுக்கும் கிழக்கு ஆசியாவுக்கும் இடையே பறந்த பல விமானங்கள் சுற்றுவழியில் செல்ல நேர்ந்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ஆப்கானிஸ்தானின் வான்வெளியையும் பல நிறுவனங்கள் விலக்கின. பூமியின் வடிவம் மாறுவதில்லை. பறக்கும் தொலைவு மட்டும் அரசியலோடு மாறிக்கொண்டே இருக்கிறது. இனி வரும் கணக்குகளுக்கு, மலைகளுக்கும் எல்லைகளுக்கும் இடம்விட்டு, பறக்கும் பாதை 8,300 கிலோமீட்டர் என்று ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம்.

அடுத்தது வேகம். இத்தகைய வழியில் செல்லும் பெரிய விமானங்கள் ஒலிவேகத்தில் சுமார் 85 சதவீத வேகத்தில் பறக்கின்றன. ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு 56 பாகை செல்சியஸ் கீழே இருக்கும்போது அது மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீட்டர். அதில் 85 சதவீதம் என்பது 900 கிலோமீட்டர். எட்டாயிரத்து முந்நூறைத் தொள்ளாயிரத்தால் வகுத்தால் 9 மணி நேரமும் 13 நிமிடங்களும் வருகிறது. இணையத்தில் உள்ள பல கணிப்பான்கள் இவ்வாறு வகுத்து, மேலேறவும் கீழிறங்கவும் அரை மணி நேரம் சேர்த்து விடை சொல்கின்றன. போகவும் வரவும் ஒரே நேரத்தைத்தான் அவை காட்டும். அந்த இடத்தில்தான் அவை தவறுகின்றன.

ஏனென்றால் அந்த 900 கிலோமீட்டர் வேகம் விமானத்தைச் சூழ்ந்திருக்கும் காற்றை ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. தரையை ஒப்பிட்டு அல்ல. ஆற்றில் ஓடும் படகைப் போன்றதுதான் காற்றில் பறக்கும் விமானமும். நீரோட்டத்தோடு போகும் படகு கரையைப் பார்க்கையில் விரைகிறது, எதிர்த்து வரும் படகு அதே உழைப்பில் ஊர்கிறது. ஆசியாவின் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் பேராறு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஜெட் காற்றோட்டம். சில நூறு கிலோமீட்டர் அகலமும் சில கிலோமீட்டர் தடிப்பும் கொண்ட இந்தக் காற்றுப் பட்டை, குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே உலகிலேயே மிக வலுவான நிலையை அடையும் இடங்களுள் ஒன்றாகிறது. அங்கே அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் நாட்கள் உண்டு.

இந்தக் காற்றை முறையாக அளந்தவர்களுள் முன்னோடி வசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920-களில் டோக்கியோவுக்கு வடகிழக்கே தத்தேனோ என்னும் இடத்திலிருந்த ஆய்வு நிலையத்தில் பலூன்களை மேலே அனுப்பி, அவை நகரும் விதத்தைத் தொலைநோக்கிக் கருவியால் பின்தொடர்ந்து, உயரே வீசும் கடும் காற்றை அவர் பதிவுசெய்தார். உலகெங்கும் உள்ளவர்கள் படிக்க வேண்டும் என்ற விருப்பத்தில் 1926-இல் தம் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். அந்த மொழியை அறிந்தோர் குறைவு என்பதால் அது கவனம் பெறவில்லை. 1944-இன் பிற்பகுதியில் ஜப்பானுக்கு மேலே மிக உயரத்தில் பறந்த அமெரிக்கப் போர் விமானங்கள் அதே காற்றில் சிக்கித் திணறிய பின்னரே அதன் வலிமை பரவலாக உணரப்பட்டது. ஓர் உண்மையைக் கண்டறிந்தும் அது உரியவர்களைச் சென்றடையாத அந்த அறிஞரின் நிலை, ஒவ்வொரு முறை இதைப் பற்றி எழுதும்போதும் என் மனத்தைத் தொடுகிறது.

எண்களுக்குத் திரும்புவோம். பாதை முழுவதற்கும் சராசரியாக மணிக்கு 100 கிலோமீட்டர் பின்காற்று கிடைத்தால், தரையை ஒப்பிட்ட வேகம் 1,000 கிலோமீட்டர். 8,300 கிலோமீட்டரைக் கடக்க 8 மணி 18 நிமிடம். திரும்பும்போது அதே காற்று எதிர்க்காற்றாகி வேகம் 800 கிலோமீட்டராகக் குறைந்தால் 10 மணி 22 நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டு மணி நேர வேறுபாடு. போகும்போது மிச்சமானது வரும்போது செலவாகிச் சமமாகிவிடும் என்று எண்ணத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் அப்படி ஆவதில்லை. காற்றே இல்லாத நாளில் போய்வர 18 மணி 27 நிமிடம் போதும், காற்றுள்ள நாளிலோ 18 மணி 40 நிமிடம் ஆகிறது. எதிர்க்காற்றில் விமானம் மெதுவாகச் செல்வதால், தொல்லை தரும் அந்தக் காற்றுக்குள் அது அதிக நேரம் இருக்கவேண்டியிருக்கிறது என்பதே காரணம். அதனால்தான் மேற்கு நோக்கித் திரும்பும் விமானத்துக்கு, கிலோமீட்டர் கூடினாலும் பரவாயில்லை என்று காற்றோட்டத்தை விலக்கிய வேறொரு பாதை பல நாட்களில் தேர்ந்தெடுக்கப்படுகிறது. மிகக் குறுகிய பாதையும் மிக விரைவான பாதையும் ஒன்றல்ல. கோடையில் ஜெட் காற்றோட்டம் வலுவிழந்து வடக்கே நகர்ந்துவிடுவதால், இரு திசைகளுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்குகிறது.

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. விமானம் காற்றில் நிற்க, கீழே டோக்கியோ அதைவிட்டு விலகி ஓடுகிறது என்பதுபோல் சிலர் விளக்குவார்கள். வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அந்த வேகத்தோடுதான் மேலே எழுகிறது. ஆகவே சுழற்சி நேரடியாக எதையும் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. வெப்பப் பகுதியிலிருந்து துருவத்தை நோக்கி உயரே செல்லும் காற்றைக் கிழக்குப் பக்கமாகத் திருப்பி ஜெட் காற்றோட்டத்தை உருவாக்குவதில் மட்டுமே சுழற்சிக்குப் பங்கு இருக்கிறது.

விமான அட்டவணையில் உள்ள நேரம், வானில் இருக்கும் நேரம் மட்டுமல்ல என்பதும் நினைவிருக்க வேண்டும். நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்குவது முதல், சேரும் நிலையத்தில் நிறுத்துமிடத்தை அடைந்து நிற்பது வரையிலான மொத்த நேரம் அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, தன் முறைக்குக் காத்திருப்பது, இறங்கும் முன் வட்டமிடுவது ஆகியவற்றுக்கும் அதில் இடம் ஒதுக்கப்படுகிறது. அதனால்தான் 9 மணி நேரத்துக்கும் குறைவாகவே பறந்த விமானத்துக்கும் அட்டவணை பத்து மணி நேரத்தை ஒட்டிச் சொல்லும். டோக்கியோவுக்கு ஹனேடா, நரிட்டா என இரண்டு பன்னாட்டு விமான நிலையங்கள் இருப்பதையும் பயணம் திட்டமிடுபவர் கவனிக்க வேண்டும். ஹனேடா நகரத்தின் விளிம்பிலேயே இருக்கிறது; நரிட்டா ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விமான நேரத்தில் பெரிய மாற்றமில்லாவிட்டாலும் வீடு சேரும் நேரத்தில் அது தெரியும்.

கடைசியாகக் கடிகாரம். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரத்தில்தான் அச்சிடப்படுகின்றன. டோக்கியோவின் கடிகாரம் துபாயின் கடிகாரத்தை விட 5 மணி நேரம் முந்தியது. இரு நாடுகளும் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் வழக்கத்தைக் கைக்கொள்ளாததால் ஆண்டு முழுவதும் இந்த வேறுபாடு மாறாது. துபாயில் அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டு டோக்கியோவில் மாலை 6 மணிக்கு இறங்கும் விமானத்தின் பயண நேரம், 15 மணி நேரத்திலிருந்து 5 போக, 10 மணி நேரம். டோக்கியோவில் இரவு 10 மணிக்குப் புறப்பட்டுத் துபாயில் அதிகாலை 4 மணிக்கு இறங்குவதோ, 6 மணி நேரத்தோடு 5 சேர்த்து, 11 மணி நேரப் பயணம்.

இந்த ஐந்து மணி நேரம் தாளில் மட்டும் இருப்பதன்று. சூரியன் ஒரு மணி நேரத்தில் 15 பாகை மேற்கே நகர்வதாகத் தோன்றுகிறது. டோக்கியோவிலிருந்து திரும்பும் விமானம் 11 மணி நேரத்தில் 84 பாகை, அதாவது மணிக்கு ஏறத்தாழ எட்டுப் பாகை அதே திசையில் நகர்கிறது. விடியல் பின்னாலிருந்து துரத்திவர, அதற்குப் பாதி வேகத்தில் விமானம் இருளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. டிசம்பர் மாதத்தில் டோக்கியோவில் மாலை 4:30 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும், துபாயில் காலை 7 மணியளவில்தான் உதிக்கும். அன்று அந்த விமானத்தில் ஏறுபவருக்கு ஓர் இரவின் நீளம் பத்தொன்பதரை மணி நேரம்.